மேல்மாடிக்கு அனுமதி உண்டா? அறிவுசார் குறைபாடு உள்ளோர் இல்லங்களின் தரத்தை எப்படி அறிவது?

‘எங்களுக்கு அப்புறம் இவனை யாரு பாத்துப்பாங்க?’

அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளையைப் பெற்றவர்களிடம் பேசினால், எங்கே சுற்றினாலும் பேச்சு கடைசியில் இந்தக் கேள்விக்குத்தான் வந்து நிற்கும். அப்பாவுக்கு எழுபது வயதாகி, அம்மாவுக்கு முட்டிவலி வந்து, நாற்பது வயது மகனைக் குளிப்பாட்டக்கூட முடியாமல் போகும்போது, அந்தக் கேள்வி கூடப்பிறந்தவர்கள் தலையில் விழுகிறது. சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் தங்கை, ராத்திரி பத்து மணிக்கு மொபைலில் ‘நல்ல ஹோம்’ தேட ஆரம்பிக்கிறார்.

கிடைப்பதெல்லாம் போட்டோக்கள். வெள்ளையடித்த கட்டடம், வரிசையாகக் கட்டில்கள், யாரோ ஒருவரின் பிறந்தநாள் கேக். பதிவு எண் இருக்கிறது, மாதக் கட்டணம் இருக்கிறது. அங்கே இருப்பவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்பதை மட்டும் எந்தப் போட்டோவும் சொல்வதில்லை.

கட்டணமும் பதிவும் அரசு ஆய்வும் இருந்தால் தரம் தானாக வந்துவிடும் என்று நம்புகிறவர்கள், இங்கிலாந்தில் 2011-இல் நடந்த ஒரு விஷயத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வின்டர்போர்ன் வியூவில் நடந்தது என்ன?

பிரிஸ்டல் நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த வின்டர்போர்ன் வியூ, 24 படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனை. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் உள்ளவர்களைச் சில காலம் தங்கவைத்துச் சிகிச்சை தருவதற்காக 2006-இல் திறக்கப்பட்டது. நடைமுறையில் பலருக்கு அதுவே வீடாகிப்போனது. ஒருவருக்கு வாரத்துக்குச் சராசரியாக 3,500 பவுண்ட் கட்டணம். அன்றைய மதிப்பில் சுமார் இரண்டரை லட்சம் ரூபாய். அந்தப் பணத்தைக் கொடுத்தது அரசு.

2011 மே 31 அன்று பிபிசியின் ‘பனோரமா’ நிகழ்ச்சி, உள்ளே ரகசியமாக எடுத்த காட்சிகளை ஒளிபரப்பியது. நிருபர் ஒருவர் அங்கே பராமரிப்புப் பணியாளராக வேலைக்குச் சேர்ந்து, ஐந்து வாரம் மறைவாகப் பதிவு செய்திருந்தார். பணியாளர்கள் அங்கிருந்தவர்களை அறைந்தார்கள். முடியைப் பிடித்து இழுத்தார்கள். தரையில் தள்ளி அழுத்திப் பிடித்தார்கள். துணியோடு குளிர்ந்த நீரில் நிற்கவைத்தார்கள்.

அடுத்த மாதமே அந்த மருத்துவமனை மூடப்பட்டது. 11 பணியாளர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2012 அக்டோபரில் அவர்களில் ஆறு பேருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது.

அப்படியானால் அதுவரை யாருக்குமே தெரியாதா?

தெரியும். அதுதான் இந்தக் கதையிலேயே மோசமான பகுதி.

டெர்ரி பிரையன் என்ற மூத்த செவிலியர் அங்கே வேலை பார்த்தார். கண்ணால் பார்த்ததை 2010 அக்டோபரில் நிர்வாகத்துக்கு எழுதினார். அரசின் ஆய்வு அமைப்பான கேர் குவாலிட்டி கமிஷனுக்கும் தகவல் போனது. யாரும் நடவடிக்கை எடுக்காததால்தான் அவர் பிபிசியிடம் போனார்.

பின்னால் நடந்த விசாரணைகளில் இன்னும் பல விஷயங்கள் வெளிவந்தன. உள்ளாட்சி அமைப்புக்குச் சுமார் 40 எச்சரிக்கைத் தகவல்கள் வந்திருந்தன. காவல்துறைக்கும் பலமுறை அழைப்பு போயிருந்தது. அங்கிருந்தவர்கள் 70-க்கும் மேற்பட்ட முறை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோகப்பட்டிருந்தார்கள். 2010-லும் 2011-இன் முதல் மூன்று மாதங்களிலும் மட்டும் 500-க்கும் மேற்பட்ட முறை ஆட்களைப் பிடித்து அழுத்திக் கட்டுப்படுத்தியதாக அந்த மருத்துவமனையே பதிவு செய்து வைத்திருந்தது.

காகிதத்தில் எல்லாம் இருந்தது. ஆனால் ஒவ்வொரு அலுவலகமும் தன் மேஜைக்கு வந்த ஒரு தாளை மட்டும் பார்த்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை.

இன்னொரு தகவலும் உண்டு. பார்க்க வந்த குடும்பத்தினரைக் கீழ்த்தளத்திலேயே நிறுத்திவிடுவார்கள். படுக்கையறைகள் இருந்த மேல்மாடிக்கு அனுமதி இல்லை. பெரும்பாலான கொடுமைகள் நடந்தது அந்த மேல்மாடியில்தான்.

‘நன்று’ என்று மதிப்பெண் வாங்கிய இடம்

வின்டர்போர்ன் வியூவுக்குப் பிறகு இங்கிலாந்து அரசு பெரிய வாக்குறுதி ஒன்றைக் கொடுத்தது. மருத்துவமனையில் இருக்கத் தேவையில்லாத அத்தனை பேரையும் 2014 ஜூனுக்குள் ஊருக்குள், சாதாரணத் தெருக்களில் உள்ள வீடுகளுக்கு மாற்றுவோம் என்றது. அந்தக் கெடு தவறியது. அதற்குப் பின் வைத்த இலக்குகளும் தவறின. 2024-லும் கற்றல் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள சுமார் 2,000 பேர் அப்படிப்பட்ட மருத்துவமனைகளில்தான் இருந்தார்கள்.

2019 மே மாதம் அதே ‘பனோரமா’ இன்னொரு ரகசியப் பதிவை வெளியிட்டது. இந்த முறை டர்ஹம் பகுதியில் இருந்த வொர்ல்டன் ஹால். கேலி, மிரட்டல், அழுத்திப் பிடித்தல் என்று அதே கதை. ஒளிபரப்பான நாளில் அந்த இடத்துக்கு ஆய்வு அமைப்பு கொடுத்திருந்த மதிப்பீடு, ‘நன்று’.

ஆய்வாளர்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆய்வு என்பது வருடத்தில் ஓரிரு நாள். அன்றைக்குத் தரை துடைக்கப்பட்டிருக்கும், பதிவேடு சரியாக இருக்கும், சாப்பாடு நன்றாக இருக்கும். மிச்சமிருக்கும் நாட்களில் உள்ளே இருப்பவர் என்ன அனுபவிக்கிறார் என்பதை அவரால் மட்டும்தான் சொல்ல முடியும். பேச்சு வராத ஒருவர் அதை எப்படிச் சொல்வார்? சொன்னாலும் ‘அவனுக்கு என்ன தெரியும்’ என்று தள்ளிவிடுவது எல்லா நாட்டிலும் சுலபம்.

இந்தியாவில் நிலைமை என்ன?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அறிவுசார் குறைபாடு வேறு, மனநோய் வேறு. முதலாவது குழந்தைப் பருவத்திலிருந்தே இருப்பது. கற்றுக்கொள்வதிலும் அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்வதிலும் துணை தேவைப்படும். இரண்டாவது எந்த வயதிலும் வரலாம், சிகிச்சை உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய்க்கான விளக்கத்திலேயே அறிவுசார் குறைபாட்டைத் தெளிவாக விலக்கிவைக்கிறது. அதனால் அந்தச் சட்டம் தரும் மனநல மறுஆய்வு வாரியம் போன்ற பாதுகாப்புகள், அறிவுசார் குறைபாடு மட்டும் உள்ளவர்களுக்குக் கிடைப்பதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 15 லட்சம் பேர். இவர்களில் மிகப் பெரும்பாலோரைப் பார்த்துக்கொள்வது வீடுதான். வீட்டுக்குள்ளும் பெரும்பாலும் அம்மாதான். இல்லங்களின் தரம் பற்றிச் செய்தி வருவது, ஏதாவது கெட்டது நடந்தால் மட்டுமே.

டெல்லி ரோகிணியில் அரசே நடத்தும் ஆஷா கிரண் இல்லம் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கானது. 2024 ஜூலையில் மட்டும் அங்கே பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அளவுக்கு மீறிய கூட்டம் அங்கே பல வருடப் பிரச்சினை. டெல்லி உயர் நீதிமன்றம் தலையிட்டு, குடிநீரையும் கழிவுநீர்க் குழாய்களையும் சோதிக்கச் சொல்லி உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பேர் வாழும் இடத்தில் தண்ணீர் குடிக்கத் தகுந்ததா என்று பார்க்க ஒரு நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

சண்டிகரில் அரசு இல்லம் ஒன்றில் இருந்த, அறிவுசார் குறைபாடு கொண்ட ஓர் இளம்பெண் அங்கேயே பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கர்ப்பமானார். கருவைக் கலைக்க நிர்வாகம் நீதிமன்றத்துக்குப் போனது. அந்தப் பெண் குழந்தை வேண்டும் என்றார். 2009-இல் உச்ச நீதிமன்றம் அவர் விருப்பத்தின் பக்கம் நின்றது. குறைபாடு இருப்பதாலேயே ஒருவரின் சொல் மதிப்பிழந்துவிடாது என்பதைச் சொன்ன முக்கியமான தீர்ப்பு அது.

தமிழ்நாட்டுக்கும் இந்த வலி புதிதல்ல. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பிக்க முடியாமல் கருகி இறந்தார்கள். அவர்கள் மனநோய்க்காகக் கொண்டுவரப்பட்டவர்கள். குறைபாடு வேறு என்றாலும் பாடம் ஒன்றுதான்: வெளியாள் கண் படாத இடத்தில் மனிதர்களை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பது தீப்பிடிக்கும்வரை தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் சில விஷயங்களைத் தெளிவாகச் சொல்கிறது.

பதிவுச் சான்றிதழ் இல்லாமல் மாற்றுத்திறனாளிகளுக்கான இல்லத்தை யாரும் நடத்தக் கூடாது (பிரிவு 50).

மாற்றுத்திறனாளிக்குச் சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமை உண்டு. குறிப்பிட்ட இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது (பிரிவு 5).

துன்புறுத்தல் நடக்கிறது என்று தெரிந்தால் யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவருக்குத் தகவல் கொடுக்கலாம். அவர் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும் (பிரிவு 7).

தன் பொறுப்பில் இருக்கும் மாற்றுத்திறனாளிக்குத் தெரிந்தே சோறு தண்ணீர் கொடுக்காமல் விட்டால், ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை (பிரிவு 92).

ஓட்டையும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. பதிவு பற்றிய அத்தியாயம், மத்திய, மாநில அரசுகள் நடத்தும் இல்லங்களுக்குப் பொருந்தாது. தனியாருக்குச் சான்றிதழ் வேண்டும். அரசு இல்லத்துக்கு வேண்டாம். ஆஷா கிரண் அரசு இல்லம் என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இன்னொரு வழி. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கானது இது. இதன்படி மாவட்டந்தோறும் உள்ள உள்ளூர் அளவிலான குழு, 18 வயதைக் கடந்தவர்களுக்கும் பாதுகாவலரை நியமிக்கும். நியமிக்கப்பட்டவர், தன் பொறுப்பில் உள்ளவரின் சொத்துக்கு ஒவ்வொரு ஆண்டும் கணக்குக் கொடுக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அந்த மனிதர் அந்த ஆண்டு எத்தனை கிலோ இளைத்தார், எத்தனை முறை வெளியே போனார், பல்வலிக்கு மருத்துவரைப் பார்த்தாரா என்ற கணக்கைக் கேட்கும் விதி எதுவும் அதில் இல்லை.

18 வயதில் அறுந்துபோகும் வலை

குழந்தைகள் இல்லங்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, குழந்தைகள் இல்லங்களை ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது போய்ப் பார்க்க வேண்டும். அந்தக் குழுவில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவரும் கண்டிப்பாக இருக்க வேண்டும். மாவட்டத்தில் குழந்தைகள் நலக் குழு உண்டு. 1098 என்ற எண் உண்டு.

அதே குழந்தைக்கு 18 வயது முடிந்த மறுநாள், இந்த வலை அறுந்துவிடுகிறது. இருபது வயதில் பேச்சு வராத ஒருவர், பத்து வயதில் எவ்வளவு பாதுகாப்பு தேவைப்பட்டவரோ அவ்வளவும் இப்போதும் தேவைப்படுகிறவர்தான். சட்டத்தின் பார்வையில் மட்டும் அவர் ‘பெரியவர்’ ஆகிவிட்டார்.

அப்போ எது நல்ல இல்லம்?

பெரிய கட்டடமோ ஏசியோ தரத்துக்கு அடையாளம் இல்லை. நேரில் போகும் குடும்பத்தினர் கவனிக்க வேண்டியவை வேறு.

சொல்லாமல் வரலாமா? ‘போன் பண்ணிட்டு ஞாயிற்றுக்கிழமை வாங்க’ என்று மட்டுமே சொல்லும் இடத்தில் கவனம் தேவை. படுக்கையறை, கழிவறை, சமையல்கட்டு வரை போக முடிகிறதா என்று பார்க்க வேண்டும். மற்றவர்களின் தனிமையைக் காரணம் காட்டினால்கூட, தன் பிள்ளையின் கட்டிலைப் பார்க்கக் குடும்பத்துக்கு உரிமை உண்டு.

ராத்திரி யார் இருக்கிறார்கள்? பகலில் எத்தனை பணியாளர் என்று எல்லோரும் கேட்பார்கள். இரவு ஷிஃப்டில் எத்தனை பேர், பெண்கள் பகுதியில் யார், வலிப்பு வந்தால் யாரை எழுப்புவார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

பணியாளர்கள் எவ்வளவு நாளாக இருக்கிறார்கள்? ஒருவரின் முகத்தைப் பார்த்தே பசியா வலியா என்று சொல்ல மாதக்கணக்கில் பழக வேண்டும். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் அந்தப் பழக்கம் உருவாகாது. வின்டர்போர்ன் வியூவில் 12 மணி நேர ஷிஃப்ட், சொற்பப் பயிற்சி. குறைந்த சம்பளம் கொடுமையை நியாயப்படுத்தாது. ஆனால் களைத்துப்போன, பயிற்சி இல்லாத ஒருவரிடம் இருபது பேரை ஒப்படைத்துவிட்டு அன்பை எதிர்பார்ப்பதும் நடக்காத காரியம்.

மாத்திரை எதற்கு? எந்த மாத்திரை, எந்த மருத்துவர் எழுதியது, கடைசியாக எப்போது மறுபரிசோதனை செய்தார்கள் என்று கேட்க வேண்டும். கற்றல் குறைபாடு உள்ளவர்களில் 30,000 முதல் 35,000 பேர், அதற்கான நோயே இல்லாமல் மனநல மருந்துகளை எடுத்துக்கொள்கிறார்கள் என்று இங்கிலாந்தில் 2015-இல் கணக்கிடப்பட்டது. ‘அமைதியா இருக்கான்’ என்பது சில சமயம் நல்ல செய்தி. சில சமயம் மயக்கம்.

உடம்பை யார் கவனிக்கிறார்கள்? கற்றல் குறைபாடு உள்ளவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்று இங்கிலாந்தின் ஆய்வுகள் காட்டுகின்றன. பல சமயம் காரணம் குறைபாடு அல்ல. கவனிக்காமல் விட்ட மலச்சிக்கல், நிமோனியா, வலிப்பு. எடை, பல், மலம், மாதவிடாய் இவற்றுக்குப் பதிவேடு இருக்கிறதா என்று கேட்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

நாள் முழுக்க என்ன செய்கிறார்கள்? டிவி முன்னால் வரிசையாக உட்கார்ந்திருப்பது வாழ்க்கை இல்லை. கடைக்குப் போகிறார்களா, ஏதாவது வேலை கற்கிறார்களா, கோயிலுக்கோ சர்ச்சுக்கோ மசூதிக்கோ போக முடிகிறதா, காலையில் எந்தச் சட்டை என்று அவரே எடுக்கிறாரா? ஒரு நாளில் ஒரு முடிவுகூடத் தானே எடுக்க முடியாத இடத்தில், சாப்பாடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் தரம் இல்லை.

கடைசியாக, லீவுக்கு வீட்டுக்கு வந்தவர் திரும்பக் கிளம்பும்போது எப்படி இருக்கிறார்? பேச்சு வராதவர்களும் சொல்லிவிடுவார்கள். வண்டியில் ஏற மறுப்பது, தூக்கம் கெடுவது, ஒரு குறிப்பிட்ட ஆளைப் பார்த்தால் ஒதுங்குவது எல்லாமே பேச்சுதான்.

பெற்றோரைக் குறை சொல்லலாமா?

கூடாது. இல்லத்தில் சேர்ப்பது பாசம் இல்லாததால் அல்ல. பெரும்பாலும் வேறு வழி இல்லாததால்தான். தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு அரசின் மாதாந்திரப் பராமரிப்புத் தொகை கிடைக்கிறது. உதவிதான். ஆனால் அதை வைத்து ஒரு பராமரிப்பாளருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது.

எல்லா இல்லங்களும் மோசம் என்பதும் உண்மை அல்ல. பெற்றோர்களே கூடி நடத்தும் இல்லங்கள் உண்டு. வருடக்கணக்கில் பொறுமையாகப் பார்த்துக்கொள்ளும் பணியாளர்கள் உண்டு. மோசமான இடம் என்று தெரிந்ததும் பூட்டுப் போடுவது மட்டும் தீர்வாகாது. உள்ளே இருப்பவர்கள் அன்றிரவு எங்கே தூங்குவார்கள் என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். இங்கிலாந்தின் வாக்குறுதி தவறியதும் அங்கேதான். மூட வேண்டியதைப் பற்றிப் பேசிய அளவுக்கு, கட்ட வேண்டியதைக் கட்டவில்லை.

ஸ்வீடன் பெரிய இல்லங்களை 1999-ஆம் ஆண்டு முடிவுக்குள் மூடச் சட்டம் போட்டது. அங்கே ஒரு சிலர் சேர்ந்து வாழும் சிறு வீடுகளும், வீட்டுக்கே வரும் உதவியாளர்களும் முதலில் உருவானார்கள். இந்தியாவிலும் தேசிய அறக்கட்டளையிடம் குழு இல்லத்துக்கும் குறுகிய காலத் தங்கலுக்கும் திட்டங்கள் பெயரளவில் தயாராக இருக்கின்றன. இவை ஒவ்வொரு மாவட்டத்திலும் நடைமுறைக்கு வந்தால், அம்மா ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாலும் மகன் நிரந்தரமாக இல்லத்துக்குப் போக வேண்டிய அவசியம் வராது.

என்ன செய்ய வேண்டும்?

புதுச் சட்டத்துக்காகக் காத்திருக்காமல் மாநில அரசால் செய்யக்கூடியவை உண்டு. குழந்தைகள் இல்லங்களுக்கு உள்ளதுபோல, அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்களின் இல்லங்களுக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, முன்னறிவிப்பு இல்லாமல் குழு போக வேண்டும். அந்தக் குழுவில் ஒரு பெற்றோரும் ஒரு மாற்றுத்திறனாளியும் இருக்க வேண்டும். அரசு இல்லம், தனியார் இல்லம் என்ற பேதம் கூடாது. படங்கள், சைகைகள் மூலம் உள்ளே இருப்பவர்களிடமே பேசத் தெரிந்த ஒருவராவது கூடப் போக வேண்டும்.

குழு எழுதும் அறிக்கை இணையத்தில் வர வேண்டும். ஒரு ஹோட்டலின் சாம்பாரைப் பற்றி நூறு கருத்துகளைப் படித்துவிட்டு ஆர்டர் செய்ய முடிகிறது. அண்ணனை வாழ்நாள் முழுக்க ஒப்படைக்கப்போகும் இடத்தைப் பற்றி ஓர் அரசு அறிக்கைகூடப் படிக்க முடியாது என்பது நியாயம் இல்லை.

காயம், இறப்பு, கட்டுப்படுத்துதல், காணாமல் போதல் ஆகிய நான்கும் ஒரே இடத்தில் பதிவாக வேண்டும். அவற்றைச் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு பெயர் சொல்லி ஓர் அதிகாரியிடம் இருக்க வேண்டும். டெர்ரி பிரையனைப் போல உள்ளிருந்து சொல்லும் பணியாளருக்கு வேலை போகாது என்ற உறுதியும் வேண்டும்.

இதெல்லாம் வரும்வரை, அந்த வேலை குடும்பங்களிடம்தான் இருக்கிறது. இல்லத்தில் சேர்த்துவிட்டு மாதாமாதம் பணம் அனுப்புவதோடு பொறுப்பு முடிவதில்லை. அண்ணனோ தங்கையோ சித்தப்பாவோ யாராவது ஒருவர் சொல்லாமல் போய் நிற்க வேண்டும். வேலை நாளில் போக வேண்டும். வாசலில் உட்காரவைத்து டீ கொடுத்தால், குடித்துவிட்டு, ‘மேல அவன் ரூமைப் பார்க்கலாமா?’ என்று கேட்க வேண்டும்.

நல்ல இல்லமாக இருந்தால், ‘வாங்க, இப்பதான் எழுந்தான்’ என்று அவர்களே முன்னால் படியேறுவார்கள்.